முதல்முறை கிராமக் கள ஆய்வுக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மானிடவியல், சமூகவியல், சமூகப்பணி படிக்கும் முதுகலை மாணவர்களும் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்குகிறவர்களும் தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் கால் வைக்கும் முன் கேட்கிற கேள்விகள் இவை. உதாரணங்கள் பெரும்பாலும் காவிரிப் படுகையிலிருந்து எடுத்தவை. கொங்குப் பகுதிக்கோ ராமநாதபுரத்துக்கோ போகிறவர்கள் அளவைகளையும் பருவங்களையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

வினாப்பட்டியலைத் தயார் செய்து எடுத்துக்கொண்டுதானே ஊருக்குப் போக வேண்டும்?

வேண்டாம். முதல் வாரம் நோட்டும் பேனாவும் போதும். விடுதி அறையில் உட்கார்ந்து எழுதிய கேள்விகளில் பாதி ஊரில் நிற்காது. "உங்களுக்கு எத்தனை ஏக்கர் நிலம்?" என்ற ஒரே கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். படுகைப் பகுதியில் வயதானவர்கள் குழி, மா, வேலி என்றுதான் கணக்குச் சொல்வார்கள். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர். அளவு தெரிந்தாலும் சிக்கல் தீராது. சொந்த நிலமா, கோயில் குத்தகையா, தனியாரிடம் வாய்ப்பேச்சில் எடுத்ததா, ஒத்திக்குப் பிடித்ததா, பட்டா இன்னும் தாத்தா பேரிலேயே இருக்கிறதா என்று அது ஐந்து கேள்வியாகப் பிரியும். எப்படிப் பிரியும் என்பது ஊரைப் பார்த்த பிறகுதான் தெரியும்.

வரிசை இப்படி இருக்கட்டும்: ஊரைச் சுற்றி நடப்பது, தெருவாரியாகக் கையால் வரைபடம் போடுவது, வீட்டுக் கணக்கெடுப்பு, நீண்ட பேச்சுகள், அதற்குப் பிறகு வினாப்பட்டியல். அந்தப் பட்டியலையும் பக்கத்து ஊரில் பத்து வீட்டில் சோதித்துப் பார்த்துத் திருத்துங்கள். ஆய்வு நடக்கும் ஊரிலேயே சோதித்தால் கேள்விகள் முன்கூட்டியே பரவிவிடும். மறுநாள் போகும்போது பதில் தயாராக இருக்கும்.

எவ்வளவு காலம் தங்க வேண்டும்?

மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1915க்கும் 1918க்கும் இடையில் நியூகினியை அடுத்த டிரோபிரியாண்ட் தீவுகளில் இரண்டு முறை நீண்ட காலம் தங்கினார். அதன்பின், குறைந்தது ஒரு முழு ஆண்டு என்பது மானிடவியலில் வழக்கமாகிவிட்டது. சடங்குக்காக வைத்த கணக்கு இல்லை இது. ஊர் ஒவ்வொரு பருவத்திலும் ஒவ்வொரு விதமாக இருக்கும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. தண்ணீர் வந்தால் குறுவை, பிறகு சம்பா, தாளடி என்று தை மாசி வரை வயலில் ஆள் இருக்கும். கல்லூரி விடுமுறையில், சித்திரை வைகாசியில் போகிறவருக்குக் காய்ந்த வயலும் கோயில் திருவிழாவும் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆண்களும்தான் கண்ணில் படும். அதை வைத்து "வேலையின்மை" என்று ஓர் அத்தியாயம் எழுதிவிடுவார்கள்.

முதுகலை ஆய்வேட்டுக்கு ஆறு வாரம்தான் கிடைக்கும் என்றால் ஒரே மூச்சில் செலவழிக்காதீர்கள். நாலு வாரம் ஒரு பருவத்தில், இரண்டு வாரம் வேறொரு பருவத்தில். இடைவெளியில் குறிப்புகளைப் படித்தால் எதைக் கேட்காமல் விட்டோம் என்று தெரிந்துவிடும்.

யார் மூலமாக ஊருக்குள் நுழைவது?

மற்ற எல்லாவற்றையும்விட உங்கள் தரவைத் தீர்மானிக்கப் போவது இதுதான். முதல் நாள் யாருடைய வண்டியில் வந்து இறங்கினீர்கள், யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தீர்கள், எங்கே தண்ணீர் குடித்தீர்கள் என்பது அன்று மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

சமூகவியலாளர் ஆந்திரே பெத்தெய் 1961-62இல் தஞ்சை மாவட்டத்தில் 'ஸ்ரீபுரம்' என்று புனைபெயர் வைத்த ஊரில் ஆய்வு செய்தபோது அக்கிரகாரத்தில் தங்கினார். அதனால் ஊர் அவரைப் பிராமணர்களோடு சேர்த்தே பார்த்தது. மற்ற தெருக்களிலும் சேரியிலும் அதே அளவு தாராளமாகப் பழக முடியவில்லை. இதை அவரே மறைக்காமல் பதிவு செய்திருக்கிறார். எந்தத் தெருவில் தங்கினாலும் ஏதோ ஒரு கதவு சாத்திக்கொள்ளும். எது சாத்திக்கொண்டது என்று தெரிந்து, அதை ஆய்வேட்டில் எழுதுவதுதான் நேர்மை.

ஊராட்சித் தலைவரையும் கிராம நிர்வாக அலுவலரையும் பார்த்துக் கல்லூரிக் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள். அது மரியாதை, பாதுகாப்பும்கூட. ஆனால் "நம்ம பையன் ஒருத்தனை அனுப்பறேன், எல்லா வீட்டுக்கும் கூட்டிட்டுப் போவான்" என்று தலைவர் சொன்னால் பணிவாக மறுத்துவிடுங்கள். தலைவரின் ஆள் பக்கத்தில் நிற்கும்போது கூலி பற்றியும் குடிநீர்க் குழாய் பற்றியும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பள்ளி ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், கிராமச் செவிலியர் ஆகியோருக்கு எல்லாத் தெருக்களும் பழக்கம்; தொடக்கத்துக்கு அவர்கள் நல்ல வழி. முடிந்தால் முதல் சுற்றைக் காலனியிலிருந்து தொடங்குங்கள். ஊர்த்தெருவில் பத்து நாள் இருந்துவிட்டுக் காலனிக்குப் போனால் அங்கே கிடைப்பது பெரும்பாலும் ஊர்த்தெருவுக்குப் பயந்த பதில். திசையை மாற்றினால் ஊர்த்தெருவில் சிலர் முகம் சுளிக்கலாம். அந்தச் சுளிப்பையும் குறித்துக்கொள்ளுங்கள், அதுவும் தரவுதான். காலனியில் டீ கொடுத்தால் குடியுங்கள். "இப்பத்தான் குடிச்சேன்" என்ற சாக்கு அங்கே வேறு அர்த்தத்தில் போய்ச் சேரும்.

என்னை என்னவென்று அறிமுகம் செய்துகொள்வது?

நோட்டோடு வருகிறவர் எல்லாம் "கணக்கெடுக்க வந்தவங்க". அப்படி நினைத்துவிட்டால் நிலமும் நகையும் குறைந்து, கடன் கூடிவிடும். வெளியூரில் சம்பாதிக்கும் மகன் காணாமல் போவான். பொய் சொல்கிறார்கள் என்று கோபப்பட எதுவும் இல்லை. எந்தக் கணக்கெடுப்பு எந்தத் திட்டத்தில் பேரை நீக்கும் என்று அவர்களுக்கு அனுபவம் இருக்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரே மாதிரி, சுருக்கமாகச் சொல்லுங்கள்:

"நான் காலேஜ்ல படிக்கிறேங்க. இந்த ஊர்ல விவசாயம், வேலை எல்லாம் எப்படி மாறியிருக்குன்னு தெரிஞ்சுக்க வந்திருக்கேன். கவர்மெண்ட் கணக்கு இல்லீங்க. இதனால பணமோ வீடோ வராது, இருக்கறதும் போகாது. சொல்லப் பிடிக்காததைச் சொல்ல வேண்டாம்."

'வராது' என்ற பாதியை விட்டுவிடாதீர்கள். விட்டவர்கள் மூன்றாவது வாரம் முதியோர் உதவித்தொகை மனுக்களைச் சுமந்துகொண்டு திரிவார்கள்.

வீட்டுக் கணக்கெடுப்பில் 'ஒரு வீடு' என்பது எது?

ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். கூரையை வைத்தோ ரேஷன் கார்டை வைத்தோ எண்ணாதீர்கள். ஒரே அடுப்பில் சாப்பிடும் வீட்டில் அண்ணன் தம்பிக்கு இரண்டு கார்டு இருக்கும். தனி உலை வைக்கும் மாமியார் பேர் மகன் கார்டிலேயே இருக்கும். திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதற்கு முதலிலேயே விதி வையுங்கள்: கடந்த 12 மாதத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் தனிப் பத்தியில், பணம் அனுப்புகிறாரா என்ற குறிப்போடு. இடையில் விதியை மாற்றினால் முதல் வீட்டிலிருந்து திரும்பச் செய்ய வேண்டியதுதான்.

ஒரு வீட்டுக்கு 15 முதல் 20 நிமிடம். கேட்கும்போது சுலபமாகத் தோன்றும். ஆள் இல்லாத வீடு, மறுபடி வரச் சொல்லும் வீடு எல்லாம் சேர்த்தால் ஒருவர் ஒரு நாளில் முடிக்கக்கூடியது எட்டுப் பத்து வீடுகள்தான்.

வயது சொல்லத் தெரியாதவர்களிடம் என்ன செய்வது?

ஆதார் அட்டையில் பிறந்த தேதி ஜனவரி 1 என்றிருந்தால் பெரும்பாலும் அது குத்துமதிப்பாகப் போட்டது. நிகழ்ச்சிக் காலவரிசை ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: 1964 டிசம்பர் தனுஷ்கோடிப் புயல், 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம், 1977இல் எம்.ஜி.ஆர். முதல்வரானது, 1987 டிசம்பரில் அவர் மறைந்தது, 2004 சுனாமி, 2018 நவம்பர் கஜா. "எம்ஜிஆர் செத்தப்ப உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? மூத்த பிள்ளை நடந்துச்சா, தவழ்ந்துச்சா?" என்று கேட்டால் இரண்டு மூன்று ஆண்டு வித்தியாசத்துக்குள் பிடித்துவிடலாம். உள்ளூர் நிகழ்ச்சிகளையும் சேருங்கள்: ஊருக்குக் கரண்டு வந்தது, கோயில் கும்பாபிஷேகம், ஏரி உடைந்தது. அவற்றின் ஆண்டை மட்டும் வேறொரு ஆதாரத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கொடிவழிப் படம் (வம்சாவளிப் படம்) வரைவது இப்போதும் தேவையா?

தேவை. நிலம் எப்படிப் பிரிந்தது, பெண் எந்த ஊரிலிருந்து வந்தார், தேர்தலில் யார் யாருக்கு நின்றார் என்பதெல்லாம் கொடிவழி இல்லாமல் புரியாது. இந்த முறையை உருவாக்கியவர் ஆங்கில மானிடவியலாளர் ரிவர்ஸ். ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் இடையிலுள்ள டோரஸ் நீரிணைக்கு 1898இல் போன பயணத்தில் தொடங்கி, நீலகிரியில் தோதர் பழங்குடியினரிடம் விரிவாகப் பயன்படுத்தினார். அப்பா, அம்மா, பிள்ளை, கணவன், மனைவி என்ற மிகச் சில உறவுகளை மட்டும் வைத்து, ஒவ்வொன்றையும் பெற்றவர்–பிள்ளை என்று உறுதி செய்துகொண்டே மேலே போவார்.

தமிழில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். "எங்க அண்ணன்" என்றால் பெரியப்பா மகனாகவும் இருக்கலாம், சித்தி மகனாகவும் இருக்கலாம். "கூடப் பிறந்த அண்ணனா, பெரியப்பா மகனா?" என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். "மாமா" என்பதில் தாய்மாமன், அத்தை வீட்டுக்காரர், மாமனார் மூவரும் அடக்கம். அக்கா மகளைக் கட்டிய வீட்டில் ஒரே ஆள் இரண்டு மூன்று உறவில் வருவார். அப்போது படத்தில் இரண்டு கோடும் வரும், அது உங்கள் பிழை இல்லை.

வயதான பெண்கள் சிலர் கணவர் பேரை வாயால் சொல்ல மாட்டார்கள். வற்புறுத்த வேண்டாம், பேத்தியோ பக்கத்து வீட்டுக்காரரோ சொல்லிவிடுவார். தோதர்களிடம் இறந்தவர் பேரைச் சொல்லக்கூடாது என்ற வழக்கம் இருந்ததால் ரிவர்ஸும் வேற்றுக் குடும்பத்தாரிடம்தான் அந்தப் பேர்களை வாங்கினார். இன்னொன்று: பிறந்து இறந்த குழந்தைகள், கட்டிக் கொடுத்த பெண்கள், ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டவர்கள் ஆகிய மூன்று வகையும் முதல் சுற்றில் விடுபடும். இரண்டாம் சுற்றில் தனித்தனியாகக் கேட்க வேண்டும், மூன்றாவது வகையைத் தனிமையில்.

சாதியை எப்படிக் கேட்பது?

முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள். தெரு, குலதெய்வம், திருவிழா மண்டகப்படி, பெண் கொடுத்து எடுக்கும் ஊர்கள் என்று பேசிக்கொண்டு போனால் பாதி வீடுகளில் தானாக வந்துவிடும். வராத இடத்தில் படிவத்தின் கடைசியில் நேராகக் கேளுங்கள். சுற்றி வளைத்துக் கேட்பதுதான் சந்தேகத்தைக் கிளப்பும். அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர், மற்றவர்கள் அவர்களைச் சொல்லும் பெயர், அரசுச் சான்றிதழில் உள்ள வகை மூன்றையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள். மூன்றும் ஒத்துப்போகாத வீடுகளில்தான் விஷயம் இருக்கும்.

ஓர் எச்சரிக்கை. கிறித்தவத்துக்கு மாறியவர்களுக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் சட்டப்படி கிடையாது. தேவாலயத்துக்குப் போகும் குடும்பத்தின் சான்றிதழில் 'இந்து' என்று இருக்கலாம். அதை வீட்டு எண்ணோடு சேர்த்து எழுதி வைத்தால் நீங்கள் ஒருவருடைய வேலைக்கே உலை வைக்கக்கூடும். மதம் பற்றிய குறிப்பை வேறு நோட்டில், குறியீட்டில் வையுங்கள்.

எத்தனை பேரைப் பேட்டி எடுத்தால் போதும்?

ஆய்வுக்குழுவில் எல்லோரும் கேட்கும் கேள்வி. இரண்டு தனிக் கணக்குகள் இருக்கின்றன, குழப்பிக்கொள்ளக் கூடாது.

எண்ணிக்கை சார்ந்த கணக்கெடுப்பு என்றால்: பெரிய மக்கள்தொகைக்கு 95 விழுக்காடு நம்பகத்தில், கூட்டியோ குறைத்தோ 5 புள்ளிப் பிழைக்கு 384 பேர். உங்கள் ஊரில் மொத்தமே 400 வீடு என்றால் அது 196 ஆகக் குறையும். ஆனால் அந்த 400இல் காலனி வீடுகள் 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். குலுக்கலில் அங்கிருந்து வருவது சுமார் 29. அதை வைத்து ஊரையும் காலனியையும் ஒப்பிட்டால் முடிவு தள்ளாடும். 60 வீட்டையும் எடுத்துக்கொண்டு, மீதி 340 வீட்டிலிருந்து 140 பொறுக்குங்கள். ஊர் முழுமைக்குமான சராசரி போடும்போது, காலனி தன் பங்குக்கு மேல் கனக்காதபடி அதற்கேற்ற எடை கொடுக்க மறக்காதீர்கள். பொறுக்குவதற்கு வாக்காளர் பட்டியல் வேண்டாம். அதில் 18 வயதுக்கு மேற்பட்டவர்கள்தான் இருப்பார்கள், இறந்தவரும் கட்டிக்கொண்டு போனவரும் நீங்காமல் இருப்பார்கள். நீங்களே எடுத்த வீட்டுக் கணக்கெடுப்புதான் பட்டியல்.

நீண்ட பேட்டி என்றால்: புதிதாக எதுவும் வராமல் போகும்வரை. 2006இல் வெளியான ஓர் ஆய்வில், கானாவிலும் நைஜீரியாவிலும் 60 பெண்களிடம் எடுத்த பேட்டிகளைப் பிரித்துப் பார்த்தபோது முக்கியமான கருத்துகள் பெரும்பாலும் முதல் 12 பேட்டிகளிலேயே வந்திருந்தன. அன்றிலிருந்து '12 போதும்' என்று எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஏறக்குறைய ஒரே நிலையில் உள்ள ஆட்களுக்கு அது பொருந்தும். ஊர், காலனி, ஆண், பெண் என்று நான்கு தரப்பு இருந்தால் 12ஐ நான்கால் பெருக்குங்கள்.

கேள்வி கேட்டால் "ஆமாங்க" என்று மட்டும் வருகிறது. என்ன தவறு?

கேள்வியில் பதிலும் இருக்கிறது. "முன்னைவிட இப்ப கூலி பரவாயில்லைதானே?" என்றால் மரியாதைக்கு "ஆமாங்க"தான் வரும். "ஏன்" என்று தொடங்கும் கேள்வியும் உதவாது; குற்றம் சாட்டுவதுபோல் ஒலிக்கும், ஆள் நியாயம் சொல்லத் தொடங்கிவிடுவார். "எப்படி" என்று மாற்றுங்கள். "ஏன் பொண்ணைப் படிக்க வைக்கல?" என்பதைவிட "பொண்ணு படிப்பு எப்படி நின்னுச்சு?" என்பதற்கு நடந்தது வரிசையாக வரும்.

சராசரி கேட்காதீர்கள். "மாசம் எவ்வளவு வருமானம்?" என்பதற்கு உண்மையான விடை யாரிடமும் இல்லை. "கடைசியா எந்த நாள் வேலைக்குப் போனீங்க? எத்தனை மணிக்கு இறங்கினீங்க, எப்ப கரையேறினீங்க, கையில எவ்வளவு கொடுத்தாங்க, சாப்பாடு உண்டா?" இப்படி ஒரே ஒரு நாளை முழுசாக வாங்குங்கள்.

பெண்களிடம் கேட்டால் கணவரோ மாமியாரோ பதில் சொல்வது வழக்கம். விரட்ட முடியாது. அவர்கள் பதிலையும் வாங்கிக்கொண்டு, குழாயடியிலோ ஆடு மேய்க்கும் இடத்திலோ தனியாகப் பேசக் கிடைக்கும்போது அதே கேள்வியை மறுபடி கேளுங்கள். வயல் வேலை முடிந்து வரும் மதியத்துக்குப் பிறகான நேரம் பொதுவாக வசதி. சீரியல் ஓடும் நேரத்தில் கதவைத் தட்டாதீர்கள். ஆண்களிடம் பேச இரவு ஏழு மணிக்குப் பிறகு போகாதீர்கள், காரணம் டாஸ்மாக்.

ஒலிப்பதிவு செய்யலாமா?

சம்மதம் கேட்டுவிட்டுச் செய்யலாம், முதல் சந்திப்பில் வேண்டாம். செல்போனை விமானப் பயன்முறையில் போட்டு, மடித்த துண்டின் மேல் வையுங்கள். சில்வர் தட்டின் மேலோ பிளாஸ்டிக் நாற்காலியிலோ வைத்தால் ஒவ்வொரு தட்டலும் பதிவாகும். மின்விசிறிக்கு நேர் கீழே உட்காராதீர்கள். அரை நிமிடம் பதிந்து காதில் கேட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். தொடக்கத்தில் தேதியும் குறியீட்டு எண்ணும் சொல்லுங்கள், பேர் வேண்டாம்.

சுருக்காத ஒற்றைத்தட ஒலிக்கோப்பு, 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 320 எம்.பி. 30 பேட்டிக்குப் பத்து ஜி.பி.க்குள் அடங்கிவிடும். இடம் பிரச்சினை இல்லை, நேரம்தான் பிரச்சினை. ஒரு மணி நேர வட்டாரப் பேச்சை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். 30 மணிக்கு 150 முதல் 180 மணி. தானியங்கி எழுத்தாக்கம் செய்தித் தமிழைச் சமாளிக்கும். மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசும் திண்ணையில் குழம்பிவிடும். தவிர, ரகசியம் என்று வாக்குக் கொடுத்து வாங்கிய குரலை இணையச் சேவை ஒன்றில் ஏற்றுவது வாக்குத் தவறுவது.

களக்குறிப்பை எப்போது எழுதுவது?

அன்றிரவே. தூங்கி எழுந்தால் வசனங்கள் போய்விடும். சாரம் மட்டும் மிஞ்சும், அதுவும் உங்கள் வார்த்தையில். பகலில் கிறுக்கியதை வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் பார்த்ததற்கு இரண்டு மணி நேரம் எழுத வேண்டியிருக்கும் என்று திட்டமிடுங்கள். அப்படியே சொன்ன வார்த்தைக்கு மேற்கோள் குறி. நினைவிலிருந்து எழுதியதற்குக் குறி வேண்டாம். உங்கள் ஊகம் வலப்பக்க ஓரத்தில் வேறு மையில். "கூட்டத்தில் பதற்றம்" என்று எழுதாதீர்கள். யார் எழுந்து நின்றார், யார் துண்டை உதறித் தோளில் போட்டார், யார் வெளியேறினார் என்று எழுதுங்கள். பதற்றமா இல்லையா என்பதை ஆறு மாதம் கழித்து முடிவு செய்யலாம்.

பிரதிகள் வெவ்வேறு கட்டடங்களில் இருக்க வேண்டும். சமூகவியலாளர் எம்.என். ஸ்ரீநிவாஸ் 1948இல் மைசூர்ப் பகுதி ராம்புராவில் செய்த களப்பணியின் தொகுத்த குறிப்புகளுக்கு மூன்று பிரதிகள் இருந்தன. 1970 ஏப்ரலில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு மையத்துக்குத் தீ வைக்கப்பட்டபோது மூன்றும் அங்கேயே இருந்தன.

வருவாய்த்துறைக் கணக்குகளை நம்பலாமா?

எதற்கு என்பதைப் பொறுத்தது. அ பதிவேட்டில் புல எண், பரப்பு, வகைப்பாடு, பட்டாதாரர் இருக்கும். அடங்கலில் பசலிவாரியாகப் பயிர். பசலி என்பது வருவாய்த்துறையின் கணக்கு ஆண்டு, ஜூலை 1இல் தொடங்கும். அன்றைய ஆங்கில ஆண்டிலிருந்து 590ஐக் கழித்தால் பசலி எண் வரும். 2024 ஜூலையில் தொடங்கியது 1434. பரப்புக்கும் வகைப்பாட்டுக்கும் நம்பலாம். யார் உழுகிறார் என்பதற்கு நம்ப வேண்டாம்: வாய்மொழிக் குத்தகை பெரும்பாலும் அதில் ஏறாது.

பகுப்பாய்வுக்கு மென்பொருள் வாங்க வேண்டுமா?

30 பேட்டி வரை வண்ணப் பென்சிலும் அட்டையும் போதும். இலவச மென்பொருள்களில் டாகெட், குவால்கோடர் இரண்டும் தமிழ் எழுத்தை ஏற்கும். சொல் எண்ணிக்கை வசதியைத் தமிழில் நம்பாதீர்கள். வீடு, வீட்டில், வீட்டுக்கு மூன்றையும் மூன்று சொல்லாக எண்ணும். ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துவிட்டுக் குறியிடுவதையும் (பேட்டிப் பகுதிகளுக்குத் தலைப்புச் சொல் கொடுத்துப் பிரிப்பதையும்) தவிருங்கள். தமிழிலேயே குறியிட்டு, மேற்கோள் காட்டப்போகும் பகுதியை மட்டும் கடைசியில் பெயருங்கள்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட மறுக்கிறார்களே?

புரோநோட்டில் கைநாட்டு வைத்து நிலத்தை இழந்த கதை இல்லாத ஊர் கிடையாது. படிவத்தை நீங்கள் வாசித்து, அவர் "சரி" என்று சொல்வதை ஒலிப்பதிவாக வைக்கப் பல நெறிமுறைக் குழுக்கள் அனுமதிக்கின்றன. விண்ணப்பிக்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோர் சம்மதமும் பிள்ளையின் சம்மதமும் வேண்டும்.

ஊருக்குப் புனைபெயர் வைத்தால் மட்டும் மறைந்துவிடாது. ஆற்றின் பேர், தாலுகாவிலிருந்து எத்தனை கிலோமீட்டர், திருவிழா மாதம் மூன்றும் இருந்தால் பேருந்து நடத்துநரே ஊரைச் சொல்லிவிடுவார்.

பேட்டிக்குப் பணம் கொடுக்கலாமா?

பொதுவாக வேண்டாம். ஒரு வீட்டில் கொடுத்தால் எல்லா வீட்டிலும் எதிர்பார்ப்பார்கள், பதிலும் விலைக்கேற்ப வளையும். ஆனால் கூலிக்குப் போகும் ஒருவரை அரை நாள் உட்கார வைத்துவிட்டு வெறுங்கையோடு அனுப்புவதும் சரியில்லை. அப்படி நேர்ந்தால் அந்த அரை நாள் கூலியைக் கொடுத்துவிட்டு அதைப் பதிவு செய்யுங்கள். நீங்கள் எடுத்த குடும்பப் புகைப்படத்தை அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கேயும் செல்லும்.

ஏற்கெனவே ஆய்வு நடந்த ஊரையே எடுக்கலாமா?

தாராளமாக. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் மாணவர்களைக் கொண்டு ஆய்வு செய்ய வைத்த ஊர்களில், இன்றைய விழுப்புரம் பகுதியின் இருவேல்பட்டு உட்படச் சில ஊர்கள் 1930களிலும் பிறகும் மறு ஆய்வு செய்யப்பட்டுள்ளன. மானிடவியலாளர் கேத்லீன் கஃப் 1950களின் தொடக்கத்தில் பார்த்த தஞ்சை ஊர்களுக்கு 1976இல் திரும்பிப் போனார். பழைய எண்களை அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடும் முன் மூன்றைச் சரிபாருங்கள்: அன்றைய 'ஊர்' எந்தக் குக்கிராமங்களைச் சேர்த்தது, குடும்பத்தை எப்படி வரையறுத்தார்கள், நெல்லை எந்தக் கலத்தால் அளந்தார்கள். ஊர்க்காரர்கள் "போன தடவை வந்தவங்க எழுதின புஸ்தகம் எங்கே?" என்று கேட்பார்கள். முடிந்தால் அதில் அவர்கள் ஊரைப் பற்றிய பக்கங்களை நகலெடுத்துக் கையில் கொண்டு போங்கள்.